வெள்ளையாக இருப்பதெல்லாம் ஈஸ்ட் அல்ல

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஈஸ்ட் என்ற ஒரு வகைப் பூஞ்சையால் வரும் தொற்று பற்றி வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லோருமே எழுதியிருந்ததால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: ஒரு வருடத்தில் நாலாவது முறையாக அரிப்பும் வெள்ளைப்படுதலும். ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் இரண்டு முறை சரியானது, மூன்றாவது முறை பாதிதான் குறைந்தது, இந்த முறை கேட்கவே இல்லை. மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டதா?

பழகுவதென்றால் உடம்பு பழகாது, பூஞ்சைதான் பழகும். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு முறையும் வந்தது ஈஸ்ட்தானா? யாரும் பரிசோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. 'எனக்கு ஈஸ்ட்தான்' என்று தாமே முடிவு செய்து மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் ஈஸ்ட் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு தொற்றோ, ஈஸ்ட்டுடன் சேர்ந்து இன்னொன்றோ இருந்தது. சிலருக்குத் தொற்றே இல்லை.

கேண்டிடா என்ற ஈஸ்ட் என்றால் அரிப்புதான் முதலில் நிற்கும். வெள்ளை கெட்டியாக, திரிந்த பால்போலத் திப்பி திப்பியாக ஒட்டியிருக்கும். வாடை பெரிதாக இருக்காது. சிறுநீர் போகும்போது எரியும், ஆனால் அந்த எரிச்சல் உள்ளே குழாயில் இல்லை. புண்ணான வெளித்தோலில் சிறுநீர் படும் இடத்தில்தான். பாக்டீரியல் வஜைனோசிஸ் (பெண்ணுறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) என்றால் நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளை. மீன் வாடை அடிக்கும், அரிப்பு குறைவு. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் மஞ்சளோ பச்சையோ கலந்திருக்கும், சில சமயம் நுரைக்கும். இது உடலுறவில் பரவுவது என்பதால் துணைவரும் மருந்து சாப்பிட வேண்டும். பின்னால் சொன்ன இரண்டுக்கும் ஃப்ளூகோனசோல் எந்த வேலையும் செய்யாது. அப்படியானால் முதல் இரண்டு முறை எப்படிச் சரியானது? ஈஸ்ட்டாகவே இருந்திருக்கலாம். பாக்டீரியல் வஜைனோசிஸ் சிலருக்கு மருந்தில்லாமலே அடங்குவதும் உண்டு. பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

பரிசோதனை பத்து நிமிட வேலை. முதலில் அமிலத்தன்மை காட்டும் தாளைப் பெண்ணுறுப்பின் பக்கச் சுவரில் வைத்துப் பார்ப்பார்கள். இயல்பான பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை. ஈஸ்ட்டில் இது பெரும்பாலும் மாறுவதில்லை. மற்ற இரண்டிலும் 4.5-ஐத் தாண்டும். (மாதவிடாய் ரத்தமும் விந்துவும் காரத்தன்மை கொண்டவை, அளவை ஏற்றிக் காட்டும். அந்த நாட்களைத் தவிர்த்துப் போங்கள்.) பிறகு ஒரு துளிக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். நம் உடலின் செல்கள் அதில் கரைந்து மங்கிப்போகும், பூஞ்சையின் சுவர் கரையாது. நுண்ணோக்கியில் மொட்டுவிட்ட முட்டை வடிவச் செல்களும் அவற்றிலிருந்து நூல்போல நீண்ட இழைகளும் தனியாகத் தெரியும். அந்தச் சொட்டு விட்டதும் மீன் வாடை கிளம்பினால், நுண்ணோக்கிக்குப் போகுமுன்பே பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று சந்தேகிக்கலாம்.

நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாததால் ஈஸ்ட் இல்லை என்று ஆகிவிடாது. கணிசமான பேருக்கு அது தவறிப்போகும். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வருகிற உங்களைப் போன்றவர்களுக்குக் கல்ச்சர் (கசிவிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) கட்டாயம் செய்ய வேண்டும். எந்த வகைக் கேண்டிடா என்பதை அதுதான் சொல்லும். பெரும்பாலும் அல்பிகன்ஸ் வகையாக இருக்கும். கிளாப்ராட்டா வகை என்றால் ஃப்ளூகோனசோலுக்கு அவ்வளவாக அசையாது, க்ரூசி வகை பிறவியிலேயே அசையாது. போகும் முன் க்ரீமோ மாத்திரையோ எடுத்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.

அல்பிகன்ஸ்தான், திரும்பத் திரும்ப வருகிறது என்று உறுதியானால் ஒற்றை மாத்திரை போதாது. 150 மி.கி. வீதம் 1, 4, 7-ஆம் நாட்களில் மூன்று மாத்திரை கொடுத்து முதலில் அடக்கி, பிறகு வாரம் ஒன்றாக 6 மாதம் தொடர்வது வழக்கமான முறை. அந்த 6 மாதத்தில் நன்றாக இருந்து, நிறுத்தியபின் மறுபடி வருபவர்களும் பலர் உண்டு. அதை மருந்தின் தோல்வி என்று நினைத்து மனம் விட வேண்டாம். கிளாப்ராட்டாவுக்கு 600 மி.கி. போரிக் அமிலக் குளிகையைத் தினம் ஒன்று, 3 வாரம் உறுப்புக்குள் வைப்பார்கள். வாயில் போட்டால் உயிரையே பறிக்கும் பொருள் அது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மற்ற மாத்திரைகளோடு வைக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

இன்னொன்று. ஃப்ளூகோனசோல் மெதுவாகத்தான் உடலைவிட்டுப் போகும். உடலில் பாதி குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும். அதனால்தான் ஒரு மாத்திரை சில நாட்களுக்கு வேலை செய்கிறது. காலையில் போட்டு மாலையில் அரிக்கிறதே என்று இன்னொன்று போட வேண்டாம். மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், சில கொழுப்பு மாத்திரைகள், கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைப் போடவே கூடாது. அந்த மருந்துகளின் அளவை இது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

ரத்தச் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்றும் யோசியுங்கள். ஆன்டிபயாட்டிக்கால் கேண்டிடாவுக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கட்டிவைத்திருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாதான் செத்துப்போகும்.

கேள்வி: வயது 48, ஆண். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. முன்தோல் சிவந்து, சிறுசிறு வெடிப்பு, உள்ளே வெள்ளைப் படிவு. மனைவியிடமிருந்து தொற்றியதா?

மனைவியைச் சந்தேகிக்கும் முன் மாத்திரையைப் பாருங்கள். ரத்தத்தில் கூடுதலாக உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகளின் வேலை. அப்படி வரும் சிறுநீர் இரண்டு சொட்டு முன்தோலுக்குள் தங்கினாலும் போதும், ஈஸ்ட்டுக்கு அது சர்க்கரைத் தண்ணீர். பெண்களுக்கும் இதே மாத்திரையால் இதே தொல்லை வருவதுண்டு.

முன்தோலை மெதுவாகப் பின்னிழுத்து வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீமை மெல்லிசாகத் தடவுங்கள். தினம் இரண்டு வேளை, 7 முதல் 14 நாள். பின்னிழுத்த தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுக்கிக்கொள்ளும். சிறுநீர் கழித்தபின் ஒவ்வொரு முறையும் நுனியை ஒற்றித் துடையுங்கள், திரும்ப வருவதைத் தடுப்பதில் பாதி வேலை அதுதான். சோப்பு போட்டுத் தேய்ப்பது வெடிப்பைக் கூட்டும். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் கிடைக்கும் பலன் பெரிது. தொடர்ந்து வந்தால் மாற்றுவதா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்வார். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே கடும் வலி, வீக்கம், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மட்டும் க்ரீம் தடவிக் காத்திருக்கக் கூடாது. அது அரிதாக வரும் வேறு தொற்று, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

கேள்வி: எனக்கு ஈஸ்ட் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கணவரும் மருந்து சாப்பிட வேண்டுமா?

அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும். ஈஸ்ட்டைப் பால்வினை நோய்களில் சேர்ப்பதில்லை. எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிலேயே ஐந்தில் ஒருவர் வரை உறுப்பில் கேண்டிடாவைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளே வைக்கும் எண்ணெய் கலந்த க்ரீம்களால் லேடெக்ஸ் ஆணுறை நைந்துவிடும். மருந்து முடியும்வரை அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். கடும் அரிப்பு. மருந்து எடுத்தால் குழந்தைக்கு ஆகாதே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொறுக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் உறுப்பின் சுவரில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேரும், ஈஸ்ட் வளரும். தவிர்க்க வேண்டியது வாய்வழி ஃப்ளூகோனசோலை. உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையோ க்ரீமோ வைத்துக்கொள்ளலாம்: 100 மி.கி. மாத்திரை என்றால் படுக்கப்போகும்போது ஒன்று, 7 இரவு. கர்ப்பத்தில் ஒரு நாள், மூன்று நாள் முறைகளைவிட ஏழு நாள் முறையே நன்றாகக் கேட்கிறது. மூன்றாம் நாள் அரிப்பு நின்றாலும் ஏழையும் முடியுங்கள். குழல் போன்ற கருவியோடு வந்தால் அதை வலிந்து உள்ளே தள்ளாதீர்கள். கைகழுவிவிட்டு விரலாலேயே வைக்கலாம். காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வழிவது மருந்தின் மிச்சம்.

தண்ணீராக, நிற்காமல், உடையை நனைக்கும்படி கசிந்தால் அது ஈஸ்ட் இல்லை. பனிக்குட நீராக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: பிறந்து ஆறு வாரம் ஆன குழந்தைக்கு நாக்கில் வெள்ளை. பால் என்கிறார் மாமியார், பூஞ்சை என்கிறாள் அக்கா.

நாக்கில் மட்டும் இருந்தால் மாமியார் பக்கம். கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம் என்று பரவியிருந்தால் அக்கா பக்கம். ஈரத் துணியை விரலில் சுற்றி ஒரு தடவை மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பால் வந்துவிடும். பூஞ்சைப் படலம் எளிதில் வராது. வந்தாலும் அடியில் சிவந்து, சில சமயம் ரத்தம் துளிர்க்கும். அதற்குமேல் சுரண்ட வேண்டாம்.

பூஞ்சைதான் என்றால் குழந்தை மருத்துவர் பெரும்பாலும் எழுதுவது நிஸ்டாட்டின் சொட்டு மருந்து. ஒரு மில்லியில் 1 லட்சம் யூனிட் இருக்கும். பால் குடித்தபின் வாயின் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லி, தினம் 4 முறை. இந்த மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதில்லை, பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். ஆகவே தொண்டையில் ஊற்றி விழுங்கவைத்தால் பயனில்லை. படலத்தின்மேல் தடவ வேண்டும், பால் கொடுக்கும் முன் தடவினால் பாலோடு போய்விடும். வெள்ளை மறைந்தபின்பும் 2 நாள் தொடருங்கள். புட்டி ரப்பரைத் தினமும் கொதிக்க வையுங்கள். தாய்க்குக் காம்பில் சிவப்பு, அரிப்பு, பளபளப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போய்க்கொண்டே இருக்கும். மைக்கோனசோல் ஜெல்லை 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது. பிசுபிசுப்பாகத் தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறிய குழந்தைகள் உண்டு.

நிஸ்டாட்டின் என்ற பெயருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தபடி மண் மாதிரிகளில் தேடி, 1950-இல் அறிவித்த மருந்து அது. நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கமே பெயரானது.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர், வாயில் பல் செட். மருந்து கொடுத்தால் வாய்ப்புண் ஆறுகிறது, நிறுத்தினால் பத்தே நாளில் வருகிறது.

மருந்து வாய்க்குப் போகிறது, பல் செட்டுக்குப் போகவில்லை. பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் கேண்டிடா மெல்லிய படலமாக ஒட்டிப் பிடித்திருக்கும். இரவில் பல் செட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அண்ணத்தில் படும் உட்பக்கத்தை பிரஷ்ஷால் தேய்த்து, அதற்கென்று விற்கும் சுத்தக் கரைசலில் ஊறவைத்து, காலையில் நன்றாக அலசிப் போடச் சொல்லுங்கள். அண்ணத்தில் பல் செட்டின் அளவுக்கே சிவந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் அதுதான். இன்ஹேலரை ஸ்பேசர் குழாயோடு இழுத்து, முடித்ததும் தண்ணீரை வாயிலும் தொண்டையிலும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வாய் கொப்பளிக்கக் க்ளோர்ஹெக்ஸிடின் பயன்படுத்தினால், அதையும் நிஸ்டாட்டினையும் அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள், ஒன்றை மற்றது முறித்துவிடும். குறைந்தது அரை மணி நேர இடைவெளி வேண்டும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். வாய்க்குத் தடவும் மருந்து அங்கே எட்டாது, 2 முதல் 3 வாரம் மாத்திரை வேண்டும்.

இன்ஹேலரும் இல்லை, பல் செட்டும் இல்லை, வயதும் குறைவு, வாயில் படலம் என்றால் ரத்தச் சர்க்கரையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

கேள்வி: தொடையிடுக்கிலும் மார்பகத்துக்கு அடியிலும் சிவந்து எரிகிறது. கடையில் கொடுத்த க்ரீமால் மறுநாளே அடங்கியது. விட்டதும் இரண்டு மடங்காக வந்தது.

ட்யூப்பைத் திருப்பி மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் ஒரே நாளில் அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கிவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், மடிப்புத் தோல் மெலிந்து வரிவரியாகும். இப்படிப்பட்ட கலவை க்ரீம்களை மடிப்புகளில் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து.

ஈஸ்ட் என்றால் மடிப்பின் ஆழத்தில் ஈரமான சிவப்பும், ஓரத்துக்கு வெளியே தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். அந்தப் புள்ளிகளே அடையாளம். படர்தாமரை என்றால் ஓரம் தடித்து வளையமாக விரியும், நடுவில் தெளியும். குழந்தைகளின் டயப்பர் புண்ணிலும் இதே கணக்குத்தான்: சிறுநீர் பட்ட எரிச்சல் மேடான இடங்களில் இருக்கும், மடிப்புகளை விட்டுவிடும், ஈஸ்ட் மடிப்புக்குள் புகுந்திருக்கும்.

ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், தினம் இரண்டு வேளை, 2 வாரம். அதைவிட முக்கியம் ஈரம். குளித்தபின் மடிப்பை ஒற்றித் துடைத்துக் காற்றாட விட்டு, காய்ந்தபின் க்ரீம். இரண்டு தோலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே மெல்லிய பருத்தித் துணியை வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். ஈரத்தின்மேல் தடவிய க்ரீம் அந்த ஈரத்தை மூடிவைக்கத்தான் உதவும்.

கேள்வி: ரொட்டியில் ஈஸ்ட் இருக்கிறது, அதை விட்டால் தொற்று வராது என்கிறார்கள். காலையில் ஒரு தம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, நூலாக இறங்கினால் உடம்பு முழுக்கக் கேண்டிடா என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்கு இறங்கியது!

எல்லோருக்கும் இறங்கும். எச்சிலில் உள்ள சளிப் பொருள் தண்ணீரில் நூலாக நீள்வதுதான் அது. ரொட்டி ஈஸ்ட் வேறு இனம், அடுப்பிலேயே செத்தும் போகிறது. குடலில் கேண்டிடா இருப்பது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. அதைத் துடைத்தெடுக்கும் உணவுமுறை, பொடி, கஷாயம் எதுவும் கிடையாது. சர்க்கரை நோயாளி சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தொற்று குறையும், அது உண்மை; நோயில்லாதவர் இனிப்பை விட்டால் ஈஸ்ட் பட்டினி கிடக்கும் என்பது அதிலிருந்து திரித்த கதை. பூண்டு, தயிர் என்று உறுப்புக்குள் வைப்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பூண்டு சளிப்படலத்தைப் புண்ணாக்கும். தயிர் ஈஸ்ட்டைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை.

கேள்வி: எனக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பத்து வருடம். வெளியே ஓயாத அரிப்பு. ஈஸ்ட் க்ரீம் நாலு ட்யூப் காலியாகிவிட்டது.

ஐந்தாவது வாங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்த வயதில், சர்க்கரை நோயோ ஹார்மோன் சிகிச்சையோ இல்லாதபோது, ஈஸ்ட் வருவது குறைவு. தோல் வெளுத்துச் சுருங்கிய தாள்போல இருந்தால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். மேலே கண்டித்த வீரியமான ஸ்டீராய்டுதான் இங்கே சரியான மருந்து! மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும்.

கேள்வி: அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. சிறுநீர்க் கல்ச்சரில் கேண்டிடா வந்திருக்கிறது, ஆனால் டாக்டர்கள் மருந்து தரவில்லை. அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. குழாய் போட்டவர்களின் சிறுநீரில் கேண்டிடா குடியேறுவது சகஜம். காய்ச்சலோ வலியோ இல்லாவிட்டால் குழாயை எடுப்பதோ மாற்றுவதோதான் முதல் சிகிச்சை. பல பேருக்கு அதிலேயே போய்விடும். வெள்ளணு மிகக் குறைந்தவர்கள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், எடை மிகக் குறைந்த பச்சைக் குழந்தைகள் ஆகியோருக்குத்தான் அறிகுறி இல்லாமலே மருந்து. சளியில் கேண்டிடா வந்தாலும் இப்படித்தான், நுரையீரலில் அது நோய் உண்டாக்குவது மிக அபூர்வம்.

ரத்தக் கல்ச்சரில் ஒரே ஒரு புட்டியில் வந்தாலும் கதை வேறு. குடியேற்றம் என்று அங்கே ஒன்று கிடையாது. பூஞ்சைக்கான எக்கினோகேண்டின் வகை ஊசி மருந்தை அன்றே தொடங்கி, கழுத்திலோ மார்பிலோ போட்ட ரத்தக்குழாய் லைனை முடிந்தவரை சீக்கிரம் எடுத்து, கண்ணின் பின்திரையையும் பார்க்கச் சொல்வார்கள். ரத்தத்தில் போகும் கேண்டிடா அங்கே தங்கிப் பார்வையைப் பறிக்கும். ரத்தம் சுத்தமாகும்வரை கல்ச்சரைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். எந்த வகை என்று கேளுங்கள். 'ஆரிஸ்' என்றால் அப்பாவைத் தனி அறைக்கு மாற்றுவார்கள். 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்த வகை பல மருந்துகளுக்கு அடங்காது, கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பார்க்கப் போகும் நீங்களும் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை சுத்தம் செய்ய வேண்டும். மருந்து 14 நாள் என்பார்கள். ஊசி தொடங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். ரத்தத்தில் பூஞ்சை வளரவில்லை என்று வந்த முதல் கல்ச்சரின் தேதியிலிருந்து எண்ணுங்கள்.